வண்டி கேள்வி பதில்: இரண்டு மழைக்கு நடுவே பிரேக் டிஸ்க்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பிரேக் டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டில், துரு. ஆச்சரியமில்லை. எங்கள் பக்கம் மழை ஒரு தடவையோடு போவதில்லை. ஜூனில் தொடங்குகிற இடவப்பாதிக்கு ஒன்று, ஐப்பசி கார்த்திகைக்கு ஒன்று. நடுவில் வண்டி காயும் என்று பார்த்தால் மேற்கேயிருந்து உப்புக்காற்று விடாது. குமரி மாவட்டத்தில் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் ஒர்க்ஷாப் நடத்துகிற எனக்கு இந்த மாதங்களில் இன்ஜின் வேலையைவிட பிரேக் வேலைதான் அதிகம். அதனால் ஏசி, டயர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்க டிஸ்க்தான்.

நாலு மாதப் புது வண்டி. ஞாயிற்றுக்கிழமை கழுவி நிறுத்தினேன். திங்கள் காலையில் அலாய் வீலுக்குள் டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறம். ஷோரூமில் கேட்டால் “எல்லா வண்டிக்கும் அப்படித்தான் சார்” என்கிறார்கள். மட்டமான இரும்பைப் போட்டு ஏமாற்றுகிறார்களா அண்ணே?
*(வாசகர், களியக்காவிளை)*

இந்த விஷயத்தில் ஷோரூம்காரர்கள் சொன்னது உண்மைதான். கார் டிஸ்க் வார்ப்பிரும்பில் செய்தது. அதன் மேல் பெயின்ட் கிடையாது, முலாம் கிடையாது. பிரேக் மிதித்ததும் டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்வுகிற கட்டிதான் பேட். அது உரசுகிற இடத்தில் எதைப் பூசினாலும் முதல் சில பிரேக்கிலேயே தேய்ந்து போய்விடும். அப்படி வெறுமனே நிற்கிற இரும்பில் தண்ணீர் பட்டு ஓர் இரவு நின்றால் ஆரஞ்சு நிறம் வராமல் என்ன செய்யும்? ஈரக்காற்று அடிக்கிற ராத்திரியில் கழுவாமல் நிறுத்தினாலும் வரும்.

“என் பைக் டிஸ்க் வெள்ளையாகத்தானே இருக்கிறது?” என்று அடுத்து கேட்பீர்கள். பைக்கில் போடுவது ஸ்டெயின்லெஸ் வகை. பைக் எடை குறைவு, டிஸ்க்கும் வெளியே தெரிகிறபடி இருக்கிறது, அதனால் அது சரிப்படும். காரில் ஒரு டன்னுக்கு மேல் ஓடுகிற எடையை நிறுத்தும்போது வருகிற சூட்டை டிஸ்க்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டெயின்லெஸ்ஸில் சூடு சீக்கிரம் பரவாது. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கரி இருக்கிறது. அது உள்ளே சின்னச் சின்ன ஏடுகளாகக் கிடந்து சூட்டையும் கடத்தும், அதிர்வையும் விழுங்கும். பிரேக் பிடித்தால் வண்டி கத்தாமல் நிற்பதற்கு அது ஒரு காரணம். துருப்பிடிக்கும் என்று தெரிந்தேதான் கம்பெனிக்காரர்கள் அதைப் போடுகிறார்கள்.

நீங்கள் பார்த்தது மேல்துரு. விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டும். வண்டியை எடுத்து முதல் நாலைந்து பிரேக்கில் “கர்ர்” என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் டிஸ்க் பளிச்சென்று ஆகிவிடும். பேட் படாத வெளிவிளிம்பிலும், நடுவில் புடைத்திருக்கிற குமிழிலும் பழுப்பு நிறம் நிற்கும், அது பார்க்கத்தான் அசிங்கம். அலாய் வீல் பரவலான பிறகுதான் இந்தக் கேள்வியே வருகிறது. வீல் கப் மூடியிருந்த காலத்தில் டிஸ்க் என்று ஒன்று இருப்பதே பலர் கண்ணில் பட்டதில்லை.

கவலைப்பட வேண்டியது எப்போது என்றால், ரெண்டு மூன்று நாள் நன்றாக ஓட்டிய பிறகும் பேட் உரசுகிற இடத்தில் ஒரு பட்டையாகத் துரு நின்றால். நகத்தால் கோடிழுக்கும்போது குழியில் தட்டினால். பிரேக் மிதிக்கும்போது பெடல் காலைத் தட்டினால். மூன்றில் ஒன்று இருந்தாலும் வீலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றபடி கழுவியதும் தெருவைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓட்டி, பிரேக்கைச் சில தடவை பிடித்து, டிஸ்க் சூட்டில் காய்ந்ததும் நிறுத்துங்கள். கழுவின ஈரத்தோடு நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாதீர்கள்.

மழை முடியும் வரை வண்டியை அதிகம் எடுக்க மாட்டோம். அரிவாளுக்குத் தடவுகிற மாதிரி டிஸ்க்கிலும் தேங்காய் எண்ணெய் தடவினால் துரு அண்டாது என்று மாமனார் சொல்கிறார். தடவலாமா?
*(வாசகி, கொல்லங்கோடு)*

வேண்டாம் அக்கா. மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆனால் வேண்டாம். அரிவாளுக்கு அவர் சொன்னது ரொம்பச் சரி. அரிவாள் உரசி நிறுத்துகிற வேலை செய்வதில்லை. டிஸ்க்குக்கு அது ஒன்றுதான் வேலை.

பேட் என்பது நாரும் பிசினும் உலோகத்தூளும் அழுத்திச் செய்த கட்டி. எண்ணெய் பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். டிஸ்க்கைத் துடைத்துவிடலாம், பேட்டுக்குள் போனதைத் துடைக்க முடியாது. மிதித்தால் பெடல் இருக்கும், வண்டி நிற்காது. ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் பட்டிருந்தால் இன்னும் மோசம், பிரேக் பிடித்ததும் வண்டி மற்ற பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மழை ரோட்டில், எதிரே கேரளா பஸ் வருகிற நேரத்தில் அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

தேங்காய் எண்ணெய்க்குச் சொன்னதுதான் கிரீஸுக்கும், பழைய இன்ஜின் ஆயிலுக்கும், கடையில் கிடைக்கிற துரு நீக்கும் ஸ்பிரேக்கும். கதவுக் கீலுக்கு அடிக்கும்போது காற்றில் பறந்து டிஸ்க்கில் விழுந்தாலே தொல்லை. ஏற்கெனவே யாராவது தடவியிருந்தால் வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பிரேக் கிளீனர் என்றே ஒரு ஸ்பிரே இருக்கிறது, அதை அடித்து சுத்தமான துணியால் துடைப்போம். எண்ணெய் இறங்கிய பேட் என்றால் ரெண்டு பக்கமும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று. புது டிஸ்க் டப்பாவிலிருந்து வரும்போதே துருப்பிடிக்காமலிருக்க மெல்லிய எண்ணெய் பூசி வருவது உண்டு. மாட்டுவதற்கு முன்னால் அதைக் கிளீனர் அடித்து எடுக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் டிஸ்க் மாற்றுகிறார்கள் என்றால் அதை மட்டும் கவனியுங்கள்.

கத்தாரில் வேலை. வீடு புதுக்கடைப் பக்கம், தேங்காப்பட்டணம் கடற்கரை பக்கத்தில்தான். வருஷத்துக்கு ஒரு மாத லீவு. மீதி நாள் வண்டி வாசலில் நிற்கும். போன லீவில் வண்டியை எடுக்கும்போது பின்சக்கரம் உருளவே இல்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் “டமார்” என்று ஒரு சத்தம், அப்புறம் நகர்ந்தது. முன்பக்கம் பிரேக் பிடிக்கும்போது “தட் தட்” என்று பெடல் தட்டியது, லீவு முடியும் வரை நிற்கவில்லை. இந்தத் தடவை கிளம்பும் முன்னால் என்ன செய்துவிட்டு வரவேண்டும்?
*(வாசகர், தோஹா)*

தம்பி, உங்களுடைய கேள்வி எங்கள் தாலுகாவில் பாதி வீட்டுக் கேள்வி. வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டில் வண்டி ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த “டமார்”. உங்கள் வண்டியில் பின்னால் டிஸ்க் இல்லாமல் டிரம் இருக்கும் என்று நினைக்கிறேன். டிரம் என்பது மூடிய வட்டப்பெட்டி, அதை உள்ளேயிருந்து ஷூ அழுத்தும், ஷூவின் மேல் ஒட்டியிருக்கிற உரசுகிற பட்டைதான் லைனர். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். பத்துப் பதினோரு மாதம் லைனர் டிரம்மோடு அழுந்தி நின்று, நடுவில் வந்த துரு ரெண்டையும் ஒட்டிவிட்டது. நீங்கள் அழுத்தி எடுத்தபோது அது பிய்ந்துகொண்டு வந்தது. சில வண்டியில் லைனர் மட்டும் ஷூவிலிருந்து உரிந்து டிரம்மிலேயே தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, பின் பிரேக் போயிருக்கும். ஆகவே அப்படி ஒட்டினால் கிளட்சை எரிக்காதீர்கள், கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் லேசாக ஆட்டிப் பாருங்கள். விடவில்லையென்றால் வீலைக் கழற்றி டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் விடும்.

“தட் தட்” வேறு கதை. முன்னால் டிஸ்க்கை ரெண்டு பேட்டும் கவ்விக்கொண்டே நிற்கின்றன. ஹேண்ட் பிரேக் இல்லாவிட்டாலும் அவை டிஸ்க்கை ஒட்டித்தான் இருக்கும். பேட்டுக்கு அடியில் ஈரம் தங்கும், மற்ற இடம் காற்றில் காயும். அதனால் பேட் அளவுக்கே ஒரு அச்சு டிஸ்க்கில் விழுகிறது. கழற்றிப் பார்த்தால் பேட்டின் ஓரம் வரை கோடு போட்ட மாதிரி தெளிவாகத் தெரியும். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது அந்த அச்சு பேட்டுக்கு நடுவில் வந்து போகிற ஒவ்வொரு தடவையும் உங்கள் காலில் ஒரு தட்டு. லேசான அச்சு என்றால் ஓடவோட அழியும். ஒரு மாதம் ஓட்டியும் போகவில்லை என்கிறீர்கள், அப்படியென்றால் குழி விழுந்திருக்கிறது. லேத்தில் கொடுத்துக் கடையலாமா என்பது டிஸ்க்கின் கனத்தைப் பொறுத்தது. டிஸ்க்கிலேயே ‘மின்’ என்று பொறித்து ஒரு எண் இருக்கும், அதற்குக் கீழே போகக்கூடாது. பெரும்பாலும் புதுக் கனத்துக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர்தான் இடைவெளி. பாதி தேய்ந்த டிஸ்க்கைக் கடைந்தால் கடைந்த கூலிதான் மிச்சம், புதிது போடுவது நல்லது. எப்போது போட்டாலும் வலதும் இடதும் சேர்த்து, புது பேட்டோடு.

இனி கிளம்பும் முன் செய்ய வேண்டியது. வண்டியைக் கழுவுங்கள், சக்கரத்தின் உள்பக்கம் நல்ல தண்ணீர் பாய்ச்சி உப்பைப் போக்குங்கள். கழுவியதும் மார்த்தாண்டம் வரை ஒரு தடவை போய் வாருங்கள், டிஸ்க் நன்றாகக் காயட்டும். நிறுத்துகிற இடம் சிமென்ட் தளமாக, மேலே கூரையோடு இருக்கட்டும். மண் தரையிலும் புல்லிலும் நிறுத்தினால் ராத்திரி முழுக்கத் தரையிலிருந்து ஈரம் மேலே ஏறி நேரே டிஸ்க்குக்குத்தான் போகும். ஹேண்ட் பிரேக் இழுக்கக் கூடாது. முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வைத்தால் போதும். கியர் இல்லாத வண்டியென்றால் பார்க்கிங்கில் போட்டு அதே மாதிரி கட்டை. பட்டன் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் ஆஃப் பண்ணும்போது அதுவாகவே பிடித்துக்கொள்ளும். அதை நிறுத்துகிற வழி வண்டியோடு தந்த புத்தகத்தில் போட்டிருப்பார்கள்.

கவர் போடுகிறவர்கள் பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள். வெயிலில் உள்ளே வேர்த்து, ராத்திரி அந்த வேர்வை முழுக்க இரும்பில் இறங்கும். காற்றுப் போகிற துணிக் கவர் போடுங்கள், கூரை இருந்தால் அதுவும் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மச்சினனோ தம்பியோ வாரம் ஒருமுறை வண்டியை ரோட்டுக்கு எடுப்பது. பலரும் “ஸ்டார்ட் பண்ணிப் போட்டிருந்தோமே அண்ணே” என்பார்கள். வாசலில் நின்று இன்ஜின் ஓடினால் டிஸ்க்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, அரைகுறையாக ஓடி பேட்டரிக்கும் பெரிய லாபமில்லை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகட்டும். ஆள் இல்லாத நேர்ரோட்டில், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, அறுபதில் போய் இருபதுக்கு வருகிற மாதிரி அழுத்தமான பிரேக் சில தடவை. அதுவே டிஸ்க்கைத் துடைத்துவிடும். எடுக்கிறவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா, வண்டி இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பிரேக் ஆயிலையும் மறக்காதீர்கள். அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கிற சாதி. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இழுக்கும். ஈரம் சேர்ந்தால் பேட்டைப் பிடித்து அழுத்துகிற காலிப்பருக்குள்ளே பிஸ்டன் துருப்பிடிக்கும், கொதிநிலையும் குறையும். டாட் 4 என்கிற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155-க்கே கொதிக்கலாம். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதாவது ஒரு லீவு விட்டு ஒரு லீவு, மாற்றிவிடுங்கள்.

குளச்சலில் மீன் ஏற்றி நெய்யாற்றின்கரை மார்க்கெட்டுக்குப் போகிற குட்டியானை. டிஸ்க்கும் பேட்டும் மற்ற வண்டிக்காரர்களைவிடச் சீக்கிரம் போகிறது. வழி உண்டா?
*(வாசகர், கருங்கல்)*

உங்கள் எதிரி மழையில்லை, ஐஸ் உருகி ஒழுகுகிற உப்புத்தண்ணீர். வெறும் தண்ணீரில் துரு மெதுவாக வரும், உப்பு கலந்தால் வேகம் பிடிக்கும். உங்கள் வண்டியில் அது ஓடும்போதெல்லாம் ஒழுகுகிறது. முதலில் தளத்தின் ஓட்டைகளை அடைத்து, ஒரே மூலையில் குழாய் வைத்து, தண்ணீர் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கேனில் விழுகிற மாதிரி செய்யுங்கள். வெல்டிங் பட்டறையில் அரைநாள் வேலை. மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், மறுநாள் காலைக்குத் தள்ளாதீர்கள். கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருக்கிற கடற்கரை வீடு என்றால் வரும் வழியிலேயே வாட்டர் சர்வீஸில் விடுங்கள்.

டிஸ்க்கைவிட எனக்குக் கவலை காலிப்பரில் இருக்கிற ‘பின்’ என்கிற கம்பிதான். காலிப்பர் ரெண்டு பின்னின் மேல் வழுக்கித்தான் நகர்கிறது. அதை மூடியிருக்கிற ரப்பர் உறை கிழிந்தால் கதை முடிந்தது. போன வாரம் ஒரு மீன் வண்டியில் பின்னை உருவினேன். வரவில்லை, முறுக்கி முறுக்கித்தான் வந்தது. உள்ளே இருந்த கிரீஸ் செம்மண் குழைத்த வேஸ்லின் மாதிரி இருந்தது. விரலில் எடுத்து உரசினால் நறநறவென்று துருத்தூள். இந்த நிலையில் பேட் டிஸ்க்கை விட்டு விலகாது, ஓடும்போதே தேய்ந்துகொண்டிருக்கும். ‘சீக்கிரம் போகிறது’ என்று நீங்கள் எழுதியதில் பாதி இதுவாகத்தான் இருக்கும். இடவப்பாதிக்கு முன் ஒரு தடவை, ஐப்பசி மழை முடிந்து ஒரு தடவை பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து பிரேக்குக்கென்றே வருகிற சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். வீல் பேரிங் கிரீஸைப் போட்டால் ரப்பர் ஊதிப்போய் மறுபடியும் இறுகும். இதில் மட்டும் பட்டறைக்காரர் சொல்வதற்கு மண்டையாட்டாமல் டப்பாவை வாங்கிப் பாருங்கள்.

டிஸ்க் வெளிப்பக்கம் கண்ணாடியாக இருக்கிறது. உள்பக்கம் துரு, மாற்றணும் என்கிறார் மெக்கானிக். ஒரே டிஸ்க்கில் அது எப்படி? ஏமாற்றுகிறாரோ?
*(வாசகர், பாறசாலை)*

கேரள எல்லை தாண்டி வந்து ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் நடக்கக்கூடிய விஷயம்தான். டிஸ்க்குக்கு ரெண்டு முகம், ரெண்டு பேட். உள்பக்கத்து பேட்டின் காதுகள் உட்காருகிற பள்ளத்தில் துரு சேர்ந்து பேட் இறுகிவிட்டால், அது சரியாக டிஸ்க்கை அழுத்தாது. உரசாத முகத்தில் துரு ஏறும். வெளிமுகம் மட்டும் பளபளக்கும். வீலைக் கழற்றாமல் பார்த்தால் எல்லாம் சரி என்றே தோன்றும்.

ஏமாற்றுகிறாரா என்று தெரிய ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் போதும். வீலைக் கழற்றி உள்முகத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டுகிறவர் நல்ல மெக்கானிக். அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: துரு வந்த காரணத்தைச் சரி செய்தாரா? பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்குத் திரும்பவும் அவரிடமே நிற்பீர்கள்.

எலெக்ட்ரிக் கார் எடுத்தேன். நாகர்கோவில், திருவனந்தபுரம் தினசரி ஓட்டம். தினமும் ஓட்டியும் டிஸ்க்கில் துரு! நீங்கள் ஓட்டினால் போகும் என்கிறீர்களே?
*(வாசகர், தக்கலை)*

ஓட்டினால் மட்டும் போகாது, பிரேக் பிடித்தால்தான் போகும். உங்கள் வண்டியில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து அந்தச் சக்தியைப் பேட்டரிக்கு அனுப்புகிறது, இதைத்தான் ரீஜென் என்பார்கள். டிஸ்க்குக்கு வேலையே வருவதில்லை. இதை நினைத்தே ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 எலெக்ட்ரிக் கார்களில் பின்னால் பழைய டிரம்முக்குத் திரும்பியது. டிரம் மூடியிருப்பதால் சும்மா கிடந்தாலும் அவ்வளவாகத் துரு ஏறாது.

மழைக்காலத்தில் வாரம் ஒன்றிரண்டு நாள் ரீஜெனை மிகக் குறைந்த அளவில் வைத்து, காலால் அழுத்திப் பிரேக் பிடித்து ஓட்டுங்கள். கொஞ்சம் கரன்ட் வீணாகும், பரவாயில்லை. பேட் தேயவில்லை என்று சர்வீஸில் பிரேக்கைப் பார்க்காமல் விடுவார்கள், நீங்களாகக் கேட்டுக் காலிப்பர் பின்னையும் பார்க்கச் சொல்லுங்கள்.

‘துருவே பிடிக்காத டிஸ்க்’ என்று ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா?
*(வாசகர், குலசேகரம்)*

வார்ப்பிரும்பு டிஸ்க் என்றால் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். துத்தநாகம், அலுமினியம் கலந்த பூச்சோடு நல்ல டிஸ்க்குகள் வருகின்றன. அந்தப் பூச்சு நடுக்குமிழ், விளிம்பு, நடுவில் காற்றுப் போகிற இடுக்கு ஆகியவற்றைக் காப்பாற்றும், பேட் உரசுகிற இடத்தை அல்ல. நம் ஊர்க் காற்றுக்குப் பூச்சுள்ளதை வாங்குவது நல்லதுதான். இடுக்கில் துரு அடைத்தால் சூடு வெளியேறாது. ஓட்டை போட்ட டிஸ்க், கோடு கிழித்த டிஸ்க் எல்லாம் துருவுக்கு மருந்தில்லை. உண்மையிலேயே துருப்பிடிக்காத செராமிக் டிஸ்க் உண்டு, அதன் விலையில் ஊரில் ஒரு பழைய காரே வாங்கிவிடலாம்.

பொன்முடி போய் 22 கொண்டை ஊசியும் இறங்கி வந்தோம். டிஸ்க் சூட்டு வாடை. கல்லாற்றில் வண்டியை இறக்கித் தண்ணீர் அடித்துச் சூட்டைத் தணித்தோம். மறுநாள் டிஸ்க் முழுக்கத் துரு. தண்ணீர் அடித்தது தப்பா?
*(வாசகர், அருமனை)*

துருவை விடுங்கள், அது ரெண்டு பிரேக்கில் போய்விடும். கொதிக்கிற டிஸ்க்கில் ஒரு பக்கமாகப் பச்சைத்தண்ணீர் விழுந்தால் கோணலாகவோ விரிசலாகவோ வாய்ப்பு உண்டு, அதைத்தான் பார்க்க வேண்டும். பெடல் தட்டுகிறதா, ஸ்டீயரிங் ஆடுகிறதா? ரெண்டும் இல்லையென்றால் தப்பித்தீர்கள். ஆனால் சூட்டு வாடை வரும் அளவுக்குப் போயிருப்பதால், அடுத்த தடவை ஒர்க்ஷாப் பக்கம் வரும்போது பேட்டையும் பிரேக் ஆயிலையும் பார்த்துவிடுவது நல்லது. இனி மலை இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள். கீழே வந்ததும் கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டினால் காற்றே ஆற்றிவிடும். வண்டியை நிறுத்தினாலும் ஹேண்ட் பிரேக் போடாமல் கட்டை வையுங்கள். ஒரு சாயா குடித்து அரைமணி நேரம் போன பிறகு கழுவிக்கொள்ளலாம்.